உலகம் தட்டையென்றோர் வழக்கு

வானநூலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் வென்றோர் வரலாற்றையே எழுதினர். கொப்பேனிக்கசு, கெப்பிளர், கலிலியோ, நியூற்றன் எனப் பெயர்களை நிரல்பட வைத்து, ஒருவர் ஏற்றிய விளக்கை அடுத்தவர் தூண்டினார் என்று கூறிச் செல்வதே மரபு. அவ்விளக்கொளியின் முன்னே நின்றும் கண்ணை மூடிக்கொண்டோர் உளர். அவர்தம் வரலாறு நகைப்புக்குரியதொன்றென ஒதுக்கப்படுகின்றது. ஆயின் அதனை ஊன்றி நோக்குவார்க்கு நகைப்பினும் மேலானதொரு பயன் உண்டு. சான்று என்பது யாரிடத்து எடுபடும், யாரிடத்து எடுபடாது என்னும் வினாவுக்கு வென்றோர் வரலாற்றினும் தோற்றோர் வரலாறே தெளிவான விடை தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, உலகம் தட்டை என்றும் ஞாயிறு சில நூறு மைல் உயரத்திலே உலவுவது என்றும் வாதித்த ஒரு சாராரின் கதையை, இவ்வினாவை மனத்திற் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முன்னையோர் கொள்கை

உலகம் தட்டை என்னும் கொள்கை அண்மைக்காலம் வரை கற்றோரிடத்தும் நிலவியது எனப் பலர் எண்ணுவர். அது பிழை. சந்திர கிரகணத்தின்போது மதியின்மேல் விழும் நிழலின் விளிம்பு எப்பொழுதும் வட்டமாகவே இருத்தலைக் கொண்டு, பூமி கோளவடிவினது என அரிஸ்தோத்தில் கி. மு. 4ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். பாரத நாட்டுச் சித்தாந்த வானநூலாரும் பூமியைக் கோளமாகவே கொண்டு கணித்தனர். கி. பி. 476இல் பிறந்த ஆரியபட்டர், அக்கோளம் தன்னைத்தானே சுற்றுகின்றது என்றுங் கூறினார்.

எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் லல்லர் என்னும் வானநூலார், பொய்க்கொள்கைகளை மறுத்தற்கென்றே தம் நூலில் ஒரு பகுதியை வகுத்துள்ளார். பூமி சமதளமாயின், பனைபோல் நெடிதுயர்ந்த மரங்களும் தொலைவில் நிற்குங்கால் கண்ணுக்குப் புலனாகாமை என்னை என்பது அவர் அங்கு எழுப்பும் வினாக்களுள் ஒன்று. பனை செறிந்த நம் நாட்டவர்க்கு இவ்வினாவின் நயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடலினின்றும் கரைநோக்கி வருவார்க்கு முதலிற் புலப்படுவன பனைகளின் தலைகளே. அடிமரமும் மணற்கரையும் பின்னரே தோன்றும்.

ஆயின் அதே லல்லர், அதே பகுதியில், பூமி சுழல்கின்றது என்னும் கொள்கையையும் மறுத்தார். பூமி சுழலுமாயின் கூட்டைவிட்டு வானிலெழுந்த பறவை மீண்டும் தன் கூட்டை அடைதல் எங்ஙனம் என வினவினார். ஒரு வினாவிலே உண்மை அவர் பக்கம். மற்றையதிலே ஆரியபட்டர் பக்கம். பலர் கொண்ட கொள்கைக்கு மாறுபட்டது என்னும் ஒன்றே ஒரு கொள்கையைப் பொய்யாக்காது என்பதும், அறிஞர் ஒருவர் கூறினார் என்னும் ஒன்றே அதனை மெய்யாக்காது என்பதும் இதனாற் பெறப்படும். அங்ஙனமாயின் பொய்க்கொள்கையாளரை மெய்யறிஞரினின்றும் பிரித்தறிதற்கு அடையாளம் யாது? இங்கிலாந்து நாட்டுக் கதை இதற்கு விடை பகரும்.

றோபொத்தமும் தேடுநெறி வானநூலும்

சாமுவேல் பேளி றோபொத்தம் என்பார் 1816இற் பிறந்தவர், நாவன்மை மிக்கவர். அவர் 1849இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதனை விரித்து 1865இற் பெருநூலாக்கினார். தமக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் ‘பரலக்ஸ்’ என்பது. நோக்குவோன் இடம் மாறுதலாற் பொருளும் இடம் மாறியதுபோலத் தோன்றுதலைக் குறிக்கும் வானநூற் சொல் அது. தம் கொள்கைக்கு ‘செற்றெற்றிக்’ வானநூல் எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் தேடியாராய்தல் என்னும் பொருளுடைய சொல்லடியாக வந்தது இப்பெயர். ஏனைய வானநூலார் கருதுகோளை முன்வைத்துப் பின்னர்ச் சான்று தேடுகின்றனர் என்றும், தாமோ கண்ணாற் கண்டதையே கொண்டு முடிவு கூறுவதாகவும் அவர் பேசினார். ஊர்தோறுஞ் சென்று கட்டணம் பெற்றுச் சொற்பொழிவாற்றினார்.

அவர் கண்ட உலகின் அமைப்பு இது: பூமி ஒரு தட்டம், அதன் நடுவே வடமுனை, அதன் விளிம்பைச் சூழ்ந்து நிற்பது தென்றிசைப் பனிக்கட்டி அரண். ஞாயிறு அத்தட்டத்தின் மேலே 700 மைலுக்கு மேற்படாத உயரத்தில் வட்டமிட்டுச் செல்வது. மதியும் விண்மீன்களும் யாவும் 1,000 மைலுக்குள் அடங்குவன. ஞாயிறு ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தொலைவிலுள்ளது என்பதும், பூமி அதனைச் சுற்றிவரும் கோள்களுள் ஒன்று என்பதும் அவர் கருத்திற் கட்டுக்கதைகள்.

நம் சமய நூல்களைக் கற்றார்க்கு இவ்வாதம் புதியதன்று. காட்சி ஒன்றே அளவை என்றோர் உலகாயதர். அவர்க்கு விடை கூறப் புகுந்த சைவ சித்தாந்திகள், காட்சியிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னுங் குற்றங்கள் உள என்றும், கருதலளவையின் துணையின்றி உலகியலும் நடவாது என்றும் எடுத்துக்காட்டினர். கயிறு அரவாகத் தோன்றுதலும் கானல் நீராகத் தோன்றுதலும் கண்ணின் செயலே. றோபொத்தத்தின் வானநூல் திரிவுக்காட்சியின்மீது எழுந்த மாளிகை என்பது பின்னர்ப் புலனாகும்.

ஞாயிற்றின் அண்மை பற்றிய அவர் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. எரதொசுத்தேனிசு என்னும் கிரேக்கர் செய்த அளவை மாணவர் அறிவர். சையீன் நகரிலே கோடையின் நீண்ட நாளன்று நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் இல்லை. வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் அப்பாலுள்ள அலெக்சாந்திரியாவிலே ஞாயிறு உச்சியினின்றும் 7.2 பாகை சாய்ந்து நின்றது. ஞாயிறு மிகத் தொலைவிலுள்ளது, பூமி வளைந்தது எனக் கொண்டால், 7.2 பாகை வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்காதலின், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் ஆகும். பூமி தட்டை, ஞாயிறு அண்மையிலுள்ளது எனக் கொண்டாலோ, அதே நிழல் ஞாயிற்றின் உயரத்தை ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர் எனக் காட்டும். இரண்டு இடங்களில் மட்டும் நின்று நோக்குவார்க்கு இரண்டு கணக்கும் பொருந்துவனவே. மூன்றாவதோர் இடமே இவ்வழக்கைத் தீர்க்கும். சையீனுக்கு வடக்கே 6,700 கிலோமீற்றர் சென்று நோக்கின் சாய்வு ஏறத்தாழ 60 பாகையாகும். கோளக் கணக்கு அப்பொழுதும் 40,000 என்றே விடை தரும். தட்டைக் கணக்கிலோ ஞாயிற்றின் உயரம் 4,000 கிலோமீற்றருக்குங் கீழே இறங்கிவிடும். ஒரு ஞாயிறு ஒரே வேளையில் இரண்டு உயரங்களில் நிற்றல் கூடாது. தட்டைக் கொள்கை பிழைத்திருப்பது, மூன்றாம் இடத்துக்குச் செல்லாதவரையில்தான்.

பிளிமத் கடற்கரை

மூன்றாம் சான்றை நேரிற் கண்டும் பயனில்லை என்பதற்கு 1864இற் பிளிமத் நகரில் நிகழ்ந்ததொன்றை வானநூல் எழுத்தாளரான றிச்சட் புறொக்டர் பதிவுசெய்துள்ளார். அந்நகர்க் கடற்கரையினின்றும் 14 மைல் தொலைவிலே எடிஸ்ரன் வெளிச்சவீடு நிற்கின்றது. பூமி வளைந்ததாதலின் கரையோரத்தில் நின்று நோக்குவார்க்கு வெளிச்சவீட்டின் விளக்குக் கூடு மட்டுமே தெரியும் என எதிர்வாதிகள் கூறினர். குறித்த நேரத்திலே றோபொத்தம் கடற்கரைக்கு வந்து தொலைகாட்டியை வைத்து நோக்கினார். விளக்குக் கூட்டிலும் பாதியே தெரிந்தது. பூமி தட்டையாயின் வெளிச்சவீடு முழுவதுந் தெரிதல் வேண்டும். எனினும், எதிர்வாதிகள் கூறியவாறு முழுக்கூடும் தெரிந்திலது, ஆதலின் அவர் கணக்குப் பிழைத்தது என றோபொத்தம் முழங்கினார். வானநூலின் முடிபுகள் ஆட்டங்கண்டன என்னும் எண்ணத்தோடு பலர் வீடு திரும்பினர். மாற்றாரின் கூற்றிலே ஓர் அணுவளவு வழு நேரின் அதனைத் தம் வெற்றியாகவும், தம் கூற்று மலையளவு பிழைப்பினும் அதனைப் பேசாப் பொருளாகவும் கொள்ளுதல் இவ்வாதத்தின் இயல்பு.

பெட்போர்ட் கால்வாயும் பந்தயமும்

றோபொத்தம் தம் கொள்கைக்குத் தலையாய சான்றாகக் காட்டியது பெட்போர்ட் சமவெளியிலுள்ள ஒரு கால்வாய். பழைய பெட்போர்ட் ஆறு எனப்படும் அது 6 மைலுக்கு வளைவின்றி நேரே ஓடுவது, நீரோட்டம் மெதுவானது. 1838இல் அவர் அதனுள் இறங்கி, நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் மேலே தொலைகாட்டியைப் பிடித்து, கொடி தாங்கிச் சென்ற ஒரு படகை நோக்கினார். பூமியின் வளைவினால் நீர்ப்பரப்புத் தாழும் அளவு, மைற்கணக்கின் வர்க்கத்தை 8 அங்குலத்தாற் பெருக்க வருவதாகும். அக்கணக்கின்படி 6 மைல் அப்பாற் சென்ற படகின் கொடி அவர் பார்வைக்கோட்டிற்கு ஏறத்தாழ 11 அடி கீழே மறைந்திருத்தல் வேண்டும். ஆயின் அது முடிவுவரை தெரிந்தது என அவர் எழுதினார்.

இதனை நம்பியோருள் ஒருவர் யோன் ஹம்டன். வேதாகமத்தின் சொல்லுக்குப் பூமி கோளம் என்னுங் கொள்கை மாறானது என்பது அவர் துணிபு. ஆறு, கால்வாய், ஏரி ஆகியவற்றுள் ஒன்றின் நீர்ப்பரப்பு வளைந்திருத்தலைக் காட்டுவார்க்கு 500 பவுண் தருவதாகவும், எதிர்ப்போரும் அவ்வளவு பணம் வைத்தல் வேண்டும் என்றும் 1870இன் தொடக்கத்தில் அவர் பந்தயம் கூறினார். அதனை ஏற்றவர் அல்பிறெட் றசல் வலஸ். இயற்கைத் தெரிவுக் கொள்கையை டாவினோடு ஒருங்கே 1858இல் வெளியிட்ட பேரறிஞர் அவரே. இளமையில் நில அளவையாளராகத் தொழில் புரிந்தவராதலின், இதனை எளிதில் நிறுவலாம் என எண்ணினார். புவியியலறிஞர் சார்ள்ஸ் லயலும், கண்ணெதிரே காட்டினால் இம்மூடத்தனம் அடங்கும் எனக் கருதி அதனை ஊக்கினார். ‘த பீல்ட்’ என்னும் இதழின் ஆசிரியர் வோல்ஷ் என்பாரிடம் இருதிறத்தார் பணமும் வைக்கப்பட்டது.

1870 மார்ச் 5ஆம் நாள் சோதனை நிகழ்ந்தது. றோபொத்தத்தின் சோதனையிலுள்ள குற்றத்தை வலஸ் அறிந்திருந்தார். குளிர்ந்த நீரை ஒட்டிய காற்றின் அடர்த்தி மட்டத்துக்கு மட்டம் வேறுபடும். அதனூடு செல்லும் ஒளி முறிவடைந்து பூமியின் வளைவைத் தழுவிச் செல்லும். மறைந்திருக்க வேண்டிய பொருள் மேலெழுந்து தோன்றும். கானற்காட்சியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஆதலின் வலஸ் தம் பார்வைக்கோட்டை நீருக்கு 13 அடிக்குச் சற்று மேலே அமைத்தார். ஒரு பாலத்தின்மேற் தொலைகாட்டி. 6 மைல் அப்பாலுள்ள மற்றைப் பாலத்தில் அதே உயரத்தில் வெண்டுகிலிற் பொறித்த கரும்பட்டை. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பம். கம்பத்தில் அதே உயரத்தில் ஒரு வட்டத்தகடு. அளவு காணுதற்பொருட்டு அதற்கு 4 அடி கீழே மற்றொரு தகடு. நீர்ப்பரப்புத் தட்டையாயின் தொலைகாட்டி, மேற்றகடு, கரும்பட்டை ஆகிய மூன்றும் ஒரு நேர்க்கோட்டில் நிற்றல் வேண்டும். வளைந்ததாயின் நடுவிலுள்ள தகடு ஏறத்தாழ 6 அடியும், வழக்கமான ஒளிமுறிவுக்குக் கழிவு கொடுப்பின் 5 அடிக்குக் குறையாமலும் மேலெழுந்து தோன்றுதல் வேண்டும்.

நடுத்தகடு கரும்பட்டைக்கு மிக மேலே தோன்றியது. ஹம்டன் சார்பில் நடுவராக வந்தவர் காப்பென்ரர் என்னும் அச்சகத்தார்; அவரும் தட்டைக் கொள்கையினர். தொலைகாட்டியிற் கண்டவாறு வரையப்பட்ட படம் சரியானதென அவரும் ஒப்பினார். ஆயின் அப்படமே பூமி தட்டையென்பதை நிறுவுகின்றது என்று வாதித்தார். ஹம்டனோ தொலைகாட்டியினூடே நோக்கவும் மறுத்துவிட்டார். தம் நடுவரின் சொல்லே தமக்குப் போதும் என்றார். கண்ணாற் காண்பதே அளவை என்னும் நெறியினர் கண்ணாற் காண மறுத்த அக்கணமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. வோல்ஷ் சான்றுகளை ஆராய்ந்து, வலஸ் வென்றார் எனத் தீர்ப்பளித்தார்.

வெற்றியின் விலை

அத்தீர்ப்போடு துன்பம் தொடங்கிற்று. ஹம்டன் வலஸைக் கள்வன், பொய்யன் எனத் தூற்றிக் கடிதங்கள் எழுதினார். அவர் சார்ந்திருந்த சங்கங்களுக்கும் அயலவர்க்கும் அனுப்பினார். வலஸின் மனைவியார்க்கும் அவர் கணவனின் உயிர்க்கு ஊறு நேரும் என அச்சுறுத்தும் கடிதம் சென்றது. அவதூற்றுக்காக ஹம்டன் ஒருமுறைக்கு மேற் சிறை புகுந்தும் அடங்கினாரில்லை. இதற்கிடையே, பந்தயம் சட்டத்தின்முன் செல்லாது என்றும், கொடுக்கப்படுமுன்னரே தம் பணத்தைத் தாம் மீளக் கேட்டதாகவும் அவர் தொடுத்த வழக்கு 1876இல் அவர்க்குச் சார்பாகத் தீர்ந்தது. நீதிமன்றம் ஆராய்ந்தது பந்தயப் பணத்தின் உரிமையையே. பூமியின் வடிவத்தை அன்று. எனினும் வென்றவரே பணத்தை மீள அளிக்க நேர்ந்தது. வழக்குச் செலவும் பிறவுங் கூட்டிப் பார்க்குமிடத்துத் தாம் பெற்ற 500 பவுணினும் மிகுதியாக இழந்ததாகவும், பதினைந்து ஆண்டுக்கு மேலாகத் தொல்லையுற்றதாகவும் வலஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் வருந்தி எழுதினார்.

வலஸையும் குற்றமற்றவராகக் காட்டுதல் வரலாற்று முறையன்று. செல்வநிலை தாழ்ந்திருந்த அவரைப் பணத்தின் அவாவும் ஈர்த்தது. ஆவிகளோடு பேசலாம் என்னுங் கொள்கையை அவர் ஏற்றார். அம்மைப்பால் குத்துதலை எதிர்த்தார். 1903இல் வெளியிட்ட நூலொன்றிலே ஞாயிற்றுத் தொகுதி விண்மீன் தொகுதியின் நடுவை அடுத்துள்ளது என்று வாதித்தார். அதுவும் பின்னர்ப் பிழையாயிற்று. ஆயின் பெட்போர்ட் கரையிலே தோற்றிருப்பின், தோல்வியை ஒப்பிப் பணத்தை இழக்க அவர் முன்வந்திருந்தார். அவருக்கும் ஹம்டனுக்கும் உள்ள வேறுபாடு கல்வியினால் வந்தது மட்டுமன்று. இந்த இசைவினால் வந்தது.

பின்வந்தோர்

1901இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து யூல் ஓல்டம் மூன்று கம்பங்களை நட்டு அதே கால்வாயில் வளைவை மீளவும் காட்டினார். 1904இல் எலிசபெத் புளவுன்ற் சீமாட்டி ஒரு புகைப்படக்காரரை அழைத்துச் சென்று, 6 மைல் அப்பால் நீரை ஒட்டித் தொங்கிய வெண்டுகிலைப் படம்பிடிப்பித்து, பூமி தட்டை என்றார். நீரையொட்டி நோக்கியமையாற் பழைய ஒளிமுறிவே அவரையும் மயக்கிற்று. அமெரிக்காவிலே சையன் என்னும் சமயக் குடியிருப்பின் தலைவர் வொலிவா, தம் ஊர்ப் பள்ளிகளிலும் தட்டைக் கொள்கையைப் புகட்டச் செய்தார். அவர் 1942இல் மறைந்தார். 1956இல் இங்கிலாந்தில் சாமுவேல் செந்தன் அனைத்துலகத் தட்டைப்பூமி ஆய்வுச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே உருசியரின் செய்மதி பூமியை வலம்வந்தது. விண்ணினின்றும் எடுத்த பூமியின் படத்தைக் கண்டபோது, பயிற்சியில்லாத கண்ணை இது ஏமாற்றக்கூடும் என்பதே செந்தன் கூறிய அமைதி.

இருபத்தோராம் நூற்றாண்டிலும் இக்கதை முடிந்தபாடில்லை. 2018இல் வெளிவந்த ‘பிகைன்ட் த கேர்வ்’ என்னும் ஆவணப்படத்திலே, தட்டைக் கொள்கையினர் சிலர் ஏறத்தாழ 20,000 டொலர் விலையுள்ள, சுழற்சியை அளக்கும் நுண்கருவியொன்றை வாங்கிச் சோதித்தமை காட்டப்படுகின்றது. கருவி மணிக்கு 15 பாகைச் சுழற்சியைக் காட்டிற்று. 24 மணிக்கு 360 பாகை. ஆரியபட்டர் கூறிய சுழற்சி அதுவே. கருவியை வாங்கியோர் அம்முடிபை ஏற்கவில்லை. வானத்தினின்று வரும் ஏதோவோர் ஆற்றல் கருவியைத் திரித்தது எனக் கருதி, அதனைத் தடுக்கும் வழி தேடினர். கால்வாய்க் கரையிலே தொலைகாட்டியை நோக்க மறுத்த ஹம்டனின் நிழலை இங்குக் காண்கின்றோம்.

முடிவுரை

நியாய நூலார் உரையாடலை வாதம், சற்பம், விதண்டை என மூவகைப்படுத்தினர். உண்மை காணுதற்பொருட்டு நிகழ்வது வாதம். வெல்லுதலே நோக்காக நிகழ்வது சற்பம். தன் கொள்கையை நிறுவாது பிறர் கொள்கையை மறுப்பதொன்றே செய்வது விதண்டை. ஒருவன் எவ்விடத்தே தோற்றவனாவான் என்பதை வரையறுத்து, 22 தோல்வித்தானங்களையும் அவர்கள் வகுத்தனர். தோல்வித்தானத்தை ஒப்பாதவனோடு வாதம் நிகழாது என்பது அவர் கண்ட உண்மை.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை. உலகம் சுழல்கின்றது என்ற ஆரியபட்டரும் தம் காலத்திலே பலரோடு முரண்பட்டவரே. சுழலவில்லை என்ற லல்லரும் காரணங் காட்டியே மறுத்தார். அக்காரணம் பிழைத்தது என்பதைப் பிற்கால ஆய்வு காட்ட இடமிருந்தது. தட்டைக் கொள்கையினர் குற்றம் ஐயுற்றமையன்று; ஐயம் அறிவின் வாயில். இன்ன சான்று கிடைப்பின் என் கொள்கையைக் கைவிடுவேன் எனக் கூறி, அச்சான்று கிடைத்தபின்னும் கைவிடாமையே அவர் குற்றம்.

இதனை அவர்மேல் மட்டும் ஏற்றி நாம் மகிழ்தல் தகாது. பூமி உருண்டை என்பதை நம்மிற் பெரும்பாலோர் பாடநூலிற் படித்து ஒப்பினோமேயன்றி, நிழலை அளந்து அறிந்தோமல்லேம். ஒரு நேர்க்கோலும் ஒரு கயிறும் கொண்டு, வடக்கிலும் தெற்கிலுமுள்ள நண்பர் இருவர் ஒரே நாள் உச்சிப்பொழுதில் நிழலை அளந்து ஒப்பிடுதல் மாணவர்க்கு அரிய செயலன்று. செய்து பார்த்தல் வேண்டும். அளக்குமுன், எவ்விடை வரின் நம் கருத்தை மாற்றுவோம் என்பதைத் தாளில் எழுதிவைத்தலும் வேண்டும். நாம் பற்றியிருக்கும் ஏனைய கொள்கைகளுக்கும் அத்தகையதொரு தாள் நம்மிடத்து உண்டா என ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவுதல் நன்று.